இளையோருக்குத் துணைநிற்பவர்களைப் பாராட்டுவது எப்படி? மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்குமான முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாகப் பொறுப்பெடுத்து நடத்திய பாராட்டு விழாவில் 14 பேருக்குக் கேடயம் கொடுத்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்த நிம்மதியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா அருகில் வந்து கேட்டார்: "வாரத்துக்கு மூணு நாள் படிப்பு மையத்தைத் திறந்து, சின்னப் பிள்ளைங்களை உட்கார வெச்சு, கடைசி ஆள் போற வரைக்கும் இருக்கானே, அந்தத் தம்பி பேரை ஏன் கூப்பிடவே இல்லை?" அந்தத் தம்பி அப்போது எனக்கு இரண்டடி தள்ளி நின்று நாற்காலிதான் அடுக்கிக்கொண்டிருந்தான். அவனை யாரும் பரிந்துரைக்கவில்லை. எப்போதும் அங்கேயே இருப்பவன் என்பதால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

அதற்குப் பிறகு பல விழாக்களில் வேலை பார்த்துவிட்டேன். மேடையும் கேடயமும் கடைசி ஒரு மணி நேரத்துச் சமாச்சாரம். அதற்கு முந்தைய மாதங்களில் யார் என்ன செய்தார் என்று பார்த்து வைத்திருந்தோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளி, இளைஞர் மன்றம், நூலகம், விளையாட்டுக் குழு என எதை நடத்துபவராக இருந்தாலும், கீழே உள்ள படிகளை உங்கள் அளவுக்கு வெட்டியோ ஒட்டியோ பயன்படுத்திக்கொள்ளலாம். மேடை அலங்காரத்தைவிட நோட்டுப் புத்தகத்துக்குத்தான் இதில் அதிக இடம்.

படி 1: எதற்காகப் பாராட்டுகிறோம் என்று முதலில் பேசி முடியுங்கள்

கூட்டம் கூடியதும் "கேடயமா, சான்றிதழா?" என்றுதான் பேச்சு தொடங்கும். அதை நிறுத்திவிட்டு, எதற்காக என்று கேளுங்கள். நன்றி சொல்வதற்கு என்றால், செய்த எல்லோருக்கும் சொல்ல வேண்டும். புதியவர்களை ஈர்ப்பதற்கு என்றால், சிலருடைய கதையை ஊரறியச் சொல்ல வேண்டும். மாணவருக்கு மேற்படிப்பிலோ வேலையிலோ கைகொடுக்க வேண்டும் என்றால், மேடையே தேவையில்லை. விவரமான ஒரு சான்றுக் கடிதம் போதும். மூன்றையும் ஒரே விழாவுக்குள் திணிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

இன்னொன்றையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள்: பரிசை முன்கூட்டியே அறிவிக்கப் போகிறீர்களா? உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய 3 முதல் 5 வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், "வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, முன்பே வாக்குறுதி பெற்றவர்கள் மற்றவர்களைவிடப் பாதி அளவு நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அப்படி எந்தக் குறைவும் இல்லை.

மழலைகளின் வரைபடத்தை வைத்துப் பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றி முழுத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் ஆள் சேர்க்கும் சுவரொட்டியில் "சிறந்த தன்னார்வலருக்குக் கேடயம்" என்று போடுவதை நான் விட்டுவிட்டேன். செய்து முடித்தபின் வரும் நன்றி வேறு, தூண்டிலில் மாட்டிய புழு வேறு.

படி 2: யார் யார் கணக்கில் வருவார்கள்?

வயது வரம்பை எழுத்தில் வையுங்கள். ஐக்கிய நாடுகள் சபை தன் புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வயது வரை இளையோர் என்று கொள்கிறது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 18 வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்கிறது. உங்கள் ஊருக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பரிந்துரைகள் வந்த பிறகு வரம்பை மாற்றாதீர்கள்.

மாணவர்களையும் பெரியவர்களையும் ஒரே பட்டியலில் போட்டு ஒப்பிடாதீர்கள். தேர்வுக்குப் படித்துக்கொண்டே வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கும் மாணவியும், பணி ஓய்வு பெற்று வாரம் இருபது மணி நேரம் தரும் பெரியவரும் ஒரே தராசில் நிற்க முடியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்பவர்களுக்கு வேறொரு நாளில் நன்றி சொல்லுங்கள்.

அளவுகோல் இரண்டு வகை. ஒன்று, குறிப்பிட்ட அளவை எட்டிய எல்லோருக்கும் தருவது. பிரிட்டனில் 1956இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருது இந்த வகை. அதில் ஒருவரையொருவர் முந்துவது என்பதே கிடையாது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற மூன்று நிலைகளில் எதற்கு உரியதைச் செய்து முடித்தாலும் இளைஞர் எவரும் அந்த நிலை விருதைப் பெறுவார். இந்தியாவின் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை என்று வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய குடியரசுத் தலைவர் தன்னார்வச் சேவை விருதில் தங்க நிலைக்கு 11 முதல் 15 வயதினருக்கு 100 மணி நேரம், 16 முதல் 25 வரை 250, அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 500 என்று வயதுக்கேற்ப அளவு வைத்தார்கள். பிள்ளைகளின் நேரம் பெரியவர்களின் நேரத்தைப்போல அவர்கள் கையில் இல்லை என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

மற்றொரு வகை, சிலரை மட்டும் தேர்ந்தெடுப்பது. என் கருத்து: மாணவர்களுக்கு முதல் வகையே நல்லது. இரண்டாவது வகையை மூன்று, நான்கு பேருக்கு மேல் நீட்டாதீர்கள். "சிறந்தவர்" என்று இருபது பேரைக் கூப்பிட்டால் விடுபட்ட இருபத்தோராவது ஆளுக்கு வலி அதிகம்.

மணிக்கணக்கு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு வராத பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் போன் போட்டு விசாரிப்பவர், புதிதாக வந்தவன் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்ளும் மாணவி, பிள்ளைகளை வண்டியில் ஏற்றி இறக்குபவர், சாவியைப் பத்திரமாக வைத்திருப்பவர் என இவர்கள் வேலை எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறாது.

படி 3: கவனிப்பு நோட்டு

மொத்த வேலையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று. மாதம் ஒருமுறை ஒருங்கிணைப்பாளர்கள் கூடும்போது பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த மாதத்தில் கண்ணில் பட்டதை ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். தேதி, பெயர், செய்தது. கருத்து வேண்டாம், காட்சி போதும். இப்படி:

"12ஆம் தேதி. கால்பந்துப் பயிற்சி முடிந்து இரண்டு பிள்ளைகளை அழைத்துப்போக யாரும் வரவில்லை. உதவிப் பயிற்சியாளர் அக்கா முக்கால் மணி நேரம் கூடவே இருந்தார்."

"23ஆம் தேதி. பின்னக் கணக்கு புரியாமல் அழுத பையனுக்கு, பத்தாம் வகுப்பு மாணவி காகிதத்தை மடித்து மடித்துக் காட்டி விளக்கினாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை."

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, யார் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்று பாருங்கள். அவர் எதுவும் செய்யவில்லையா, நாம் பார்க்கவில்லையா? பெரும்பாலும் இரண்டாவதுதான். அடுத்த மாதம் அவர் வேலை செய்யும் நேரத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் பதிவு செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் குழுவில் சத்தமாக இருப்பவர்களின் வேலைதான் அங்கே பதிவாகும். பிள்ளைகளின் சொந்த விஷயங்களும் அதில் கசிந்துவிடும். நோட்டு ஒருவர் பொறுப்பில் பூட்டிய மேசைக்குள் இருக்கட்டும்.

படி 4: பரிந்துரை வாங்குவது

படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பரிந்துரைப்பவர் பெயரும் தொடர்பும் போக, நான்கு கேள்விகள் போதும்: இவர் என்ன செய்தார், ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். எவ்வளவு காலமாகச் செய்கிறார்? அதனால் இளையோர் யாருக்கு என்ன மாறியது? இதை உறுதிப்படுத்தக்கூடிய இன்னொருவர் யார்?

முதல் கேள்வியில் "சம்பவம்" என்ற சொல் இல்லாவிட்டால் உங்களுக்கு வந்து சேர்வது இதுதான்: "இவர் மிகச் சிறந்த சேவை மனப்பான்மை கொண்டவர். அனைவரிடமும் அன்பாகப் பழகுவார். இவ்விருதுக்கு முழுத் தகுதி உடையவர்." இதில் பெயரை மாற்றினால் ஊரில் உள்ள யாருக்கும் பொருந்தும். இப்படி வந்த படிவத்தைத் தூக்கிப் போடாமல், எழுதியவருக்கு ஒரு போன் செய்யுங்கள். "அன்பாகப் பழகுவார்னு எழுதியிருக்கீங்களே, அப்படி நீங்க பார்த்த ஒரு நாளைச் சொல்லுங்களேன்" என்று கேட்டால் போதும், கொட்டும். அதைக் குறித்துக்கொண்டு அவரிடமே படித்துக்காட்டுங்கள். நன்றாக எழுதத் தெரிந்த நண்பர் இருப்பவருக்கே விருது போய்ச் சேரும் அநியாயம் இதனால் கொஞ்சம் குறையும். இதே காரணத்துக்காகக் குரல் பதிவாகவும் பரிந்துரை வாங்குங்கள்.

உதவி பெற்ற பிள்ளைகளிடம் கேட்க மறக்காதீர்கள். "போன வருஷம் உனக்கு யார் ரொம்ப உதவியா இருந்தாங்க?" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னால், எந்தப் பொறுப்பாளரும் நினைத்துப்பார்த்திராத பெயர்கள் வரும். பரிந்துரைக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள்; பாதிக்கு மேல் கடைசி இரண்டு நாளில்தான் வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: தேர்வுக் குழு

ஐந்து பேர் போதும். அதில் இருவராவது இளையோராக இருக்கட்டும், பெரியவர்களுக்கு உள்ள அதே வாக்குரிமையோடு. ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். அதன் கீழ் மூன்று படிகளான ஆட்டுவித்தல், அலங்காரமாக நிறுத்துதல், ஒப்புக்குச் சேர்த்தல் ஆகியவற்றை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. விழாக்களில் தட்டு ஏந்தி நிற்பதற்கு மட்டும் மாணவிகளைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த ஏணிதான் நினைவுக்கு வரும்.

முதல் சுற்றில் பெயர்களை மறைத்துவிட்டு, எண் மட்டும் போட்டுப் படியுங்கள். சொந்தக்காரரோ நெருங்கிய நண்பரோ பட்டியலில் இருந்தால் அந்தப் பெயர் விவாதத்துக்கு வரும்போது உறுப்பினர் அறையைவிட்டு வெளியே போக வேண்டும். "நான் பேசாம உட்கார்ந்திருக்கேன்" என்பது செல்லாது. அவர் உட்கார்ந்திருந்தாலே மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

படி 6: அறிவிப்பதற்கு முன் சரிபார்ப்பு

இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு பெரியவரை "பிள்ளைகளுக்கு உற்ற துணை" என்று மேடையில் ஏற்றிப் பாராட்டினால், அது அவருக்கு நீங்கள் தரும் நம்பிக்கைச் சீட்டு. நாளை இன்னோர் இடத்தில் அதைக் காட்டி அவர் பிள்ளைகளிடம் பழகலாம். பெற்றோரும் யோசிக்காமல் அனுப்புவார்கள். ஆகவே பெயரை முடிவு செய்யும் முன், உங்கள் அமைப்பில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் பட்டியலைக் காட்டி, புகாரோ தயக்கமோ இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால், விழாவுக்கு முன் அவரை நியமிப்பதுதான் உங்கள் முதல் வேலை. தயக்கம் இருந்தால் அந்தப் பெயரைக் காரணம் பேசாமல் ஒதுக்கி வைத்து, புகாருக்கு உரிய வழியில் தனியாகக் கவனியுங்கள். விருதுக் குழு விசாரணைக் குழு ஆகிவிடக் கூடாது.

அடுத்தது சம்மதம். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: பெயர் அறிவிக்கலாமா, படம் எடுக்கலாமா, இணையத்தில் போடலாமா? மூன்றும் வெவ்வேறு கேள்விகள். மேடை ஏறச் சம்மதித்த பெண், படம் வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று துருவ வேண்டாம்.

படி 7: பாராட்டுரை எழுதுவது

மேடையில் ஆளுக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். தமிழில் அது ஐம்பது சொல்லுக்குள். அதில் "தன்னலமற்ற", "ஓயாத", "ஈடு இணையற்ற" என்று மூன்று அடைமொழி போட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அடைமொழியை வெட்டுங்கள். நோட்டைத் திறந்து ஒரு காட்சியை எடுங்கள்.

முதல் வரைவு இப்படி வந்தது என்று வையுங்கள்: "அறிவும் ஆற்றலும் மிக்க இம்மாணவி, ஏழ்மையில் வாடும் பிள்ளைகளுக்குத் தன் பொன்னான நேரத்தை அர்ப்பணித்துக் கல்வி ஒளியேற்றினார்."

மாற்றி எழுதியது: "சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசிப்பு வட்டம் தொடங்கும். எட்டே முக்காலுக்கே இவர் வந்து பாய் விரித்திருப்பார். சத்தமாகப் படிக்கக் கூச்சப்பட்ட ஆறு பிள்ளைகளோடு ஓராண்டு முழுக்க மாறி மாறி ஒரு பக்கம் படித்தார். இப்போது அந்த ஆறு பேரும் மற்றவர்களுக்குப் படித்துக்காட்டுகிறார்கள்."

இரண்டாவதில் "அறிவு" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் தோற்றபோது, புத்திசாலி என்று கேட்டவர்களே சீக்கிரம் தளர்ந்தார்கள். மாணவருக்கான பாராட்டுரையில் குணத்துக்குப் பட்டம் கொடுப்பதைவிடச் செய்த வேலையைச் சொல்வதே மேல்.

"ஏழ்மையில் வாடும்" என்பதும் காணாமல் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அதே அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை உயர்த்துவதற்காக இன்னொருவரைப் பாவமாகக் காட்டாதீர்கள். உதவி பெற்றவர் யார் என்று ஊகிக்கும்படியான எந்த விவரமும் அவர் சம்மதம் இல்லாமல் வரக் கூடாது.

எழுதியதை விழாவுக்கு மூன்று நாள் முன்பு பாராட்டப்படுபவருக்கே அனுப்புங்கள். ஆச்சரியம் கெட்டுவிடும் என்பார்கள். கெட்டால் கெடட்டும், தப்பான தகவல் மேடையில் வருவதைவிட அது பரவாயில்லை.

படி 8: என்ன கொடுப்பது?

மாணவருக்கு: காலம், மணி நேரம், செய்த வேலை, கற்ற திறன் எல்லாம் எழுதி, பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்றிதழ். "சிறந்த சேவைக்காக" என்ற ஒற்றை வரிச் சான்றிதழை நேர்காணலில் காட்டி அவரால் எதையும் விளக்க முடியாது. வாய்ப்பிருந்தால் அடுத்த ஆண்டு அவருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுங்கள். சாவியை ஒப்படைப்பதும் ஒரு பாராட்டுதான்.

பெரியவருக்கு: கேளுங்கள். சிலருக்கு மேடை என்றாலே வயிற்றைக் கலக்கும். ஒருவர் என்னிடம், "கேடயம் வேண்டாம்பா, வீட்டுல வைக்க இடமில்லை. அந்த உடைஞ்ச அலமாரியை மாத்திக் கொடுங்க, புத்தகமெல்லாம் நனையுது" என்றார். மாற்றிக் கொடுத்தோம்.

இருவருக்கும் பொதுவானது, உதவி பெற்றவர் கையால் எழுதிய கடிதம். அமித் குமாரும் நிகோலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் அது பெறுபவரைச் சங்கடப்படுத்தும் என்று மிகைப்படுத்தியும், அவருக்குத் தரும் மகிழ்ச்சியைக் குறைத்தும் மதிப்பிட்டிருந்தார்கள். "என்ன எழுதறதுன்னு தெரியல" என்று தயங்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, மூன்று வரி போதும் என்று பேனாவைக் கையில் கொடுங்கள்.

படி 9: விழா நாள்

நாள் தேர்ந்தெடுக்க வழி வேண்டுமென்றால், டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாள், ஐ.நா. 1985இல் அறிவித்தது. ஆகஸ்ட் 12 பன்னாட்டு இளையோர் நாள், 1999இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் தேர்வுக் காலத்தில் வைத்துவிட்டு மாணவர்கள் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள்.

மொத்தம் ஒரு மணி நேரம். சிறப்பு விருந்தினருக்கு ஐந்து நிமிடம், அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று உரியவரிடமே கேட்டுத் தொகுப்பாளர் ஒத்திகை பார்க்கட்டும். சான்றிதழில் பெயரை அச்சுக்கு முன் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கட்டும். தன் பெயரே தப்பாக அச்சான சான்றிதழை வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு இறங்கிய ஒரு பெண்ணின் முகம் இன்னும் எனக்குள் உறுத்துகிறது. சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் மேடையை விட்டுக் கீழே இறங்கி எல்லோருக்கும் தரையிலேயே கொடுத்துவிடுங்கள்.

படி 10: விழா முடிந்த வாரம்

தேர்வாகாதவர்களைப் பரிந்துரைத்தவர்களுக்கு ஒரு போன். பரிந்துரைக்கப்பட்டவருக்கு, உங்களைப் பற்றி இப்படி ஒருவர் எழுதினார் என்று அந்தப் பத்தியை, எழுதியவர் சம்மதத்தோடு, அனுப்புங்கள். பலருக்கு விருதைவிட இந்தப் பத்தி பிடித்துப்போகிறது. நோட்டில் புதுப் பக்கத்தைத் திறங்கள்.

யாரையாவது விட்டுவிட்டது தெரிந்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். அவசரமாக ஒரு கேடயம் செய்து கையில் திணிக்கவும் வேண்டாம். "விட்டுவிட்டோம், எங்கள் தவறு" என்று தொடங்கி, அவர் செய்ததை விவரமாக எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். நாற்காலி அடுக்கிய அந்தத் தம்பிக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். எழுத எங்களிடம் ஒன்றும் இல்லாததால், கேள்வி கேட்ட அந்த அம்மாவிடமும் மையத்துக்கு வரும் பிள்ளைகளிடமும் இரண்டு மாலை உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டோம். அவன் கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தான். பிறகு நிமிர்ந்து, "சார், மழை பேஞ்ச செவ்வாய்க்கிழமை நான் மட்டும்தானே வந்திருந்தேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.